வாய் நிறையத் தண்ணீர்

நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு. லாண்ட்ரியக்காவுக்கு அது தினமும் எழுதுகிற பரீட்சை. செருப்பு மாட்டுவதற்கு முன்பே பால்கனிக்குப் போய்க் கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். கீழே எந்த நாய் நிற்கிறது, மருந்துக்கடைக்காரரின் வெள்ளைக் குட்டியா, ஜிம்காரனின் பழுப்புத் தடியனா? ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் வந்து நாய்க்குக் கயிறு மாட்டுவாள். மாட்டிவிட்டு மறுபடியும் போய் எட்டிப் பார்ப்பாள். அதற்குள் நாய் கதவுக்கும் சோபாவுக்குமாக நடக்கும். இவளும் அதன் பின்னாலேயே குட்டி போட்ட பூனை மாதிரி அலைவாள். சாவியை எடுத்தோமா, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தோமா, அடுப்பை அணைத்தோமா என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள்.

இறங்கினாலும் நிம்மதி உண்டா? எங்கே! ஒவ்வொரு முனையிலும் நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்து, பிறகுதான் திரும்புவாள். தூரத்தில் ஒரு வால் தெரிந்தால் போதும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் போல எதிர்ப்பக்கத்துக்கு ஓடுவாள். அங்கே இன்னொரு வால் இருக்கும். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். சொல்லி முடிப்பதற்குள் நாய் பாய்ந்து, பின்னங்காலில் நின்று, தெருவே அதிரக் குரைக்கும். இவள் இன்னும் நாலு தரம் மன்னிப்புக் கேட்பாள். அது இன்னும் நாலு மடங்கு குரைக்கும்.

தெரு சும்மா இருக்குமா? குழந்தையை இழுத்துக்கொண்டு போகிறவள் "கருமம்" என்பாள். கைத்தடி ஊன்றிப் போகிறவர், இதையெல்லாம் வீட்டிலேயே கட்டிப்போட வேண்டியதுதானே என்று நின்று நிதானமாக உபதேசம் செய்வார். பைக்கில் போகிற ஒருத்தன், யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றே தெரியவில்லையே என்று கத்திவிட்டுப் போவான். அத்தனை பேருக்கும் அவளிடம் அதே ஒரு வார்த்தைதான் இருந்தது.

அந்த வார்த்தை அவள் வாயில் ஒட்டிக்கொண்ட கதை தனி. நாலு தெரு தள்ளி இருக்கிற லாண்ட்ரியில் அவளுக்குக் கவுன்டர் வேலை. துணியை வாங்கி, பையைத் துழாவி, பட்டன் சரிபார்த்து, கறை இருக்கிற இடத்தில் நூல் கட்டி, எண் துணுக்கைக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே நீராவியில் நிற்பவர்கள் என்ன செய்தாலும், அதற்குரிய திட்டு கவுன்டருக்குத்தான் வரும். சேர்ந்த புதிதில் எல்லோரையும் போல "சாரி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒருவர் கோட்டு வாங்க வந்தார். கோட்டின் கைப்பகுதியில் இஸ்திரி சுட்ட தடம். இவள் "சாரி சார்" என்றதும், "நான் சாரி குடுக்கலையேம்மா, கோட்டுதானே குடுத்தேன்" என்று அவர் பதறிவிட்டார். அடுத்த வாரம் இன்னொருவரிடம், "சாரி சார், சாரி இன்னும் வரலை" என்று சொல்லப்போய், அவர் கேலி செய்வதாக நினைத்துக் கவுன்டரைக் குத்தினார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கவுன்டரில் இனிமேல் சாரி என்றால் துணி, மற்றதைத் தமிழில் சொல்லு என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து காலை முதல் சாயங்காலம் வரை மன்னிச்சுக்குங்கதான். கடை மூடிய பிறகும் வாய் மூடவில்லை. கதவு இடித்தால் கதவிடம் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நாயைக் கொண்டுவந்து விட்டவர் வீட்டுக்காரர். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் முக்கால்வாசி சாலையில்தான் குடித்தனம். ஒரு மழை நாளில், வண்டிக்கு அடியில் மாட்டியிருக்கிற உபரி டயருக்குள் சுருண்டு படுத்திருந்த குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். "நான் இல்லாதப்போ இவன் இருப்பான்" என்று சொல்லி, அந்த உபரி டயரின் பெயரையே, ஸ்டெப்னி என்று, அதற்கும் வைத்தார். அவருடைய தங்கை, பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள், அதைக் கேட்டதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணி, நடுத்தெருவுல நின்னு ஸ்டெப்னி ஸ்டெப்னின்னு கூப்பிடாதீங்க, எங்க அண்ணன் மானம் போயிடும்" என்றாள். பெயர் நிலைத்துவிட்டது. மானம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணன் சொன்னது பலித்தது. அவர் இல்லாதபோதெல்லாம் அது இருந்தது. அவள் துணி மடித்தால் மடித்த துணிமேல் படுக்கும். சாப்பிட உட்கார்ந்தால் முழங்காலில் தாடையை வைக்கும். வீட்டுக்காரர் வாராவாரம் போனில் கூப்பிட்டு, "மன்னிச்சுக்கோ, இந்த வாரமும் லோடு மாறிடுச்சு" என்பார். அவள் பரவாயில்லை என்பாள். பரவாயில்லை என்று அவள் சொன்னதெல்லாம் அந்த நாயை மடியில் வைத்துக்கொண்டுதான்.

இப்போது அதற்கே ஆபத்து வந்துவிட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் படியேறி வந்து, உட்காராமலே பேசினார். பாம்பும் சாகக் கூடாது, கோலும் உடையக் கூடாது என்கிற ரகம். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. நாயைப் பற்றி இரண்டு புகார் வந்துவிட்டது, இரண்டாவது ஜிம்காரனுடையது, அவன் விடுவதாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூட நடந்து வந்து பார்க்கிறேன், நாய் யார்மேலாவது குரைத்தால் அதுதான் மூன்றாவது என்றார். அப்புறம் வைத்திருக்க முடியாது. என் மச்சானின் மரக்கடையில் காவலுக்கு நாய் கேட்கிறார், பெரிய சங்கிலி, நல்ல இடம் என்று ஆறுதலும் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள் அவள். நாய் அவர் முழங்காலைப் பார்த்துக் குரைத்தது. அவர் இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கவுன்டரில் நிற்கும்போதும் நாயின் கழுத்தில் அந்தப் பெரிய சங்கிலி கிடப்பது கண்முன் தெரிந்தது. ஒரு பையில் இருந்த துணிக்கு இன்னொரு பையின் எண்ணைக் குத்தினாள். அந்த மரக்கடையை அவள் பார்த்திருக்கிறாள், வாசலில் ஒரு இரும்பு வளையம் உண்டு. நாயை முறைத்து, ஏண்டா இப்படிப் பண்ணுகிறாய், உனக்கு என்னடா குறை வைத்தேன் என்று அழுதாள். அது அவள் கன்னத்தை நக்கியது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சும்மாவா சொன்னார்கள் என்று அதையும் திட்டினாள்.

சனிக்கிழமை அரைநாள் கடை. மத்தியானம் அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஊசியும் நூலும் கையில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். நாய் பக்கத்தில் மல்லாந்து, நாலு காலும் மேலே போக, குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கோ, இந்த வாரமும்..." என்றது போன்.

நாய் துள்ளி எழுந்தது. உடம்பெல்லாம் முடி சிலிர்க்க, கதவுக்கு ஓடிப்போய், கதவு பிய்ந்துவிடும்போலக் குரைத்தது. அவள் அவசரமாகக் கதவைத் திறந்தாள். படியில் ஈ காக்கை இல்லை. நாய் வெளியே ஓடி, இடமும் வலமும் தேடிவிட்டு, எதிரி எங்கே என்று கேட்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தது.

தரையில் கிடந்த போனை அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள். நாய் அமைதியாகும்வரை காத்திருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய், குழாயைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க."

நாய் மறுபடியும் கதவுக்கு ஓடியது.

அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஒரு நாய் தெரிந்ததும் இவள் கை கயிற்றை இறுக்கும், மூச்சு மாறும், வாய் அந்த வார்த்தையைச் சொல்லும். அதைச் சொன்ன பிறகு ஒவ்வொரு தடவையும் சத்தம், திட்டு, ஓட்டம். நாய் வேறென்ன நினைக்கும்? எஜமானி ஆபத்து ஆபத்து என்று கூவுகிறாள் என்றுதான் நினைத்திருக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் அது பாய்ந்தது. அடப்பாவமே, உன்மேல் பழியைப் போட்டேனேடா என்று அதன் தலையைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒன்று வந்தது.

காரணம் தெரிந்தால் போதுமா? வாய் கேட்க வேண்டுமே. தொட்டில் பழக்கமாக இல்லாவிட்டாலும் கவுன்டர் பழக்கம் அதைவிட மோசம். அன்று சாயங்காலமே கூட்டிக்கொண்டு போனாள். சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போய், மருந்துக்கடைக்காரரைக் கண்டதும் சொல்லிவிட்டாள். வெள்ளைக் குட்டி அவர் காலுக்கு நடுவில் ஒளிந்தது. அவர் நல்ல மனிதர், புகார் சொல்கிறவர் இல்லை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பிறகு தொழில் புத்தியைக் காட்டினாள்.

"அண்ணி, எங்க கிளினிக்ல பேசிக்கிட்டே இருக்கிற ஆளுங்களை எப்படி அடக்குவோம் தெரியுமா? வாய் நிறையத் தண்ணி குடுத்து, துப்பாம வச்சுக்குங்கன்னு சொல்லிடுவோம். கப்சிப். நீங்களும் வச்சுக்கிட்டு நடங்க. கயித்தை மட்டும் லூசா விடுங்க."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயை அடைத்துத்தான் தன் பிள்ளையைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று இவள் தலையில் எழுதியிருந்தது. இருட்டுவதற்குள் வாய் நிறையத் தண்ணீரோடு இறங்கி ஒத்திகை பார்த்தாள். ஒருவர் நிறுத்தி, போஸ்ட் ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார். கன்னத்தை உப்பிக்கொண்டு கையைக் காட்டினாள். திமிரைப் பாரு என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். அதற்குள் எதிரே ஒரு சங்கிலியும் ஒரு வாலும் வந்துவிட்டன. கயிற்றை இறுக்கப் போன விரலை விரித்தாள். வாய் திறக்கவில்லை, திறந்தால் சேலை நனையும். நாய் அந்த நாயைப் பார்த்தது, இவளைப் பார்த்தது. ஒரு வார்த்தையும் வராததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கம்பத்தை முகர்ந்தது. எதிரே வந்தவை கடந்து போய்விட்டன. அவள் அந்தத் தண்ணீரை விழுங்கியபோது அதைப்போல ருசியான தண்ணீரைக் குடித்ததில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் தொப்பி போட்டுக்கொண்டு கீழே நின்றார். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டே வணக்கம் வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் கொஞ்சம் தள்ளியே நடந்தார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போகிற பாதையில் மருந்துக்கடைக்காரர் வந்தார். வெள்ளைக் குட்டி பயந்துகொண்டே கடந்தது. ஸ்டெப்னி அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தது. அவள் ஒரு பிஸ்கட் துண்டு கொடுத்தாள். செயலாளர் "ம்" என்றார். அவள் கன்னம் வலித்தது, தாடை வலித்தது, ஆனாலும் அந்த ம்முக்காகத் தண்ணீரை விழுங்கவில்லை. இன்னும் பாதிச் சுற்று இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் திரும்பியதும் பழுப்புத் தடியன் ஓடிவந்தது. கயிறு இல்லை, சங்கிலி இல்லை. தூரத்திலிருந்தே ஜிம்காரன் வழக்கமான பாட்டைப் பாடினான்: என் நாய் ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது. அவள் பாதையை விட்டு இறங்கி, தன் நாயைப் பின்னால் தள்ளி, நடுவில் தான் நின்றுகொண்டாள். கயிற்றைத் தளர்த்தி, கையிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் புல்லில் வாரி இறைத்தாள். பழுப்பு நாய் பிரேக் போட்டு நின்று பொறுக்க ஆரம்பித்தது. ஸ்டெப்னியும் பொறுக்கியது. இரண்டு தலையும் புல்லுக்குள் இருந்தன. எந்தத் தலையும் நிமிரவில்லை.

ஜிம்காரன் வந்து நின்றான். நாய்களுக்குள் சண்டை இல்லை என்பதே அவனுக்குப் பொறுக்கவில்லை போல. போன வாரம் தன் நாய் மேல் பாய்ந்தது யார் என்று கேட்டான். அவள் வாய்த் தண்ணீரை அடக்கிக்கொண்டு தன் நாயையே பார்த்தாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? நாய் வளர்க்கத் தெரியாதவங்களுக்கு நாய் எதுக்கு? வீட்டு ஆம்பளை ஊர் ஊரா சுத்துறாரு, நாயாவது அடக்கமா இருக்க வேணாமா?"

அவள் முகம் கொதித்தது. தண்ணீரை விழுங்கினாள். பெரிய வாய்த் தண்ணீர், ஒரே மடக்கில் இறங்காது, இரண்டாவது மடக்கு இறங்குவதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். அவருக்குத்தான் சண்டை ஆகாதே.

"விடுங்க தம்பி. அவங்க சார்பா நான் கேக்கிறேன். மன்னிச்சுக்குங்க."

புல்லுக்குள் இருந்த தலை நிமிர்ந்தது. அடுத்த நொடி ஸ்டெப்னி கயிற்றின் நுனியில், பின்னங்காலில் நின்று, பல்லெல்லாம் தெரியக் குரைத்தது. பழுப்பு நாய் பயந்து ஜிம்காரனின் காலைச் சுற்றி அவனையே தள்ளாட வைத்தது. பார்த்தீங்களா சார், இதுதான் மூணாவது என்று அவன் கத்தினான். செயலாளர் தொப்பியைக் கழற்றி, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

அவளுக்கு மரக்கடை வாசலின் இரும்பு வளையம் கண்முன் வந்தது. வாய் பழக்கப்படி அந்த வார்த்தைக்குத்தான் குவிந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை மிச்சத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினாள்.

"நீங்க எதுக்கு சார் என் சார்பா கேட்டீங்க?" என்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன்? கயிறு இல்லாம நாயை விட்டது யாரு? என் வீட்டுக்காரரைப் பேசினது யாரு?" பிறகு ஜிம்காரன் பக்கம் திரும்பினாள். "உங்க நாயைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான். ஜிம்காரன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். ஸ்டெப்னி குரைப்பதை நிறுத்திவிட்டு, மிச்சப் பிஸ்கட்டைத் தேடியது.

"அவன் போயிட்டான், சரி. நாய் குரைச்சுடுச்சேம்மா" என்றார் செயலாளர்.

"சார், இப்போ இங்க வேற நாய் இருக்கா? இல்ல. இப்போ நீங்க சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மெல்லச் சொன்னார். நாய் வெறும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கவுன்டர், கோட்டு, சாரி, முதலாளியின் உத்தரவு, ஒன்றும் விடாமல். குரைத்தது நாய் இல்லை சார், நான்தான் என்றாள். அவர் "சாரி" என்று சொல்லிப் பார்த்தார். நாய் கொட்டாவி விட்டது. மறுபடியும் மற்றதைச் சொன்னார். குரைத்தது. பெரிய மனிதருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. மாற்றி மாற்றிச் சொல்லி, தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் செயலாளர் ஆனார். நாய் இருக்கலாம் என்றார். ஜிம்காரனிடம் கயிற்றைப் பற்றிப் பேசுகிறேன் என்றார், எப்படிப் பேசுவார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கடைசியாக விரலை நீட்டி, "ஒரே ஒரு நிபந்தனை. இனிமே இந்த வளாகத்துக்குள்ள நீங்க யார்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னா நாய் போயிடும்" என்றார்.

சரி சார் என்றாள். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. நாய்க்குத் தண்ணீர் வைத்தாள், தரையைத் துடைத்தாள், துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தாள். உடம்பு முழுக்க ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. ஜிம்காரன் சொன்னதில் பாதிதான் பொய், வீட்டுக்காரரைப் பற்றிய பாதி நிஜம் என்பது துடைக்கத் துடைக்கத் தெரிந்தது. சாயங்காலம் போன் அடித்தது. நேற்றுப் பாதியில் வைத்துவிட்டாயே என்று வீட்டுக்காரர் கேட்டார். பின்னால் லாரி உறுமுவது கேட்டது. "மன்னி..." என்று அவர் ஆரம்பித்ததும் நாயின் காது எழுந்தது.

"நிறுத்துங்க. அந்த வார்த்தை இந்த வீட்ல தடை. சொன்னா நாயை அனுப்பிடுவாங்க" என்று நடந்ததைச் சொன்னாள். அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அப்போ வர முடியலைன்னா நான் என்னதான் சொல்றது?"

"வர முடியலைன்னா வர முடியலைன்னு மட்டும் சொல்லுங்க."

"சரி. இந்த வாரம் வர முடியல" என்றார் அவர். எஞ்சினை அணைத்துவிட்டார் போல, உறுமல் நின்றது. "என்னடி இது, வெறும்னே சொன்னா இவ்வளவு மோசமா இருக்கு?"

"எனக்கு எப்பவுமே அப்படித்தான் கேட்டுச்சு" என்றாள் அவள்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். நாய் காதை மடித்துக்கொண்டு அவள் காலடியில் படுத்தது.